பதினாறு இஞ்சு மரியாதை

நீங்க அந்தக் கருப்பு வீலைத்தானுங்களே பாத்துட்டு இருக்கறீங்க? செவுத்துல மேல் வரிசைல, ஓரத்துல வெள்ளி வெட்டு வெச்சிருக்கறது. பாருங்க, பாருங்க. பாக்கறதுல தப்பே இல்லீங்க. நானும் இதே பெஞ்சில உக்காந்துட்டு இதே மாதிரி அண்ணாந்துதான் பாத்தனுங்க. அன்னிக்கு எனக்குப் பக்கத்துல ஒரு மனுசன் உக்காந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நான் மறுபடியும் இங்க வந்திருக்க வேண்டியதில்ல. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். மத்தபடி அடுத்தவிய விசயத்துல மூக்கை நுழைக்கற பழக்கம் எனக்குக் கெடையாதுங்க.

என்ற வண்டி உள்ள ஜாக்கி மேல நிக்குது. கடைக்காரரு சாதிக் பாய் நாலு வீலையும் கழட்டி வெச்சுட்டுத் தொழுகைக்குப் போயிருக்கறாரு, வந்துதான் மாட்டுவாரு. உங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு வண்டி இருக்குதுங்களா? அப்பச் சரி, நேரம் இருக்குது.

நான் சென்னியப்பன். இந்த உடுமலைல ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்பல முப்பத்தஞ்சு வருசமாப் பத்திரம் எழுதறனுங்க. நான் எழுதுன பத்திரத்துல ஒரு தேதி தப்பு, ஒரு எல்லை தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. எதுக்குச் சொல்றேன்னா, எழுத்துன்னு ஒண்ணு எங்க இருந்தாலும் என்ற கண்ணு தானாப் போயி நிக்கும். அப்படியாப்பட்ட என்னைப் பாத்து ஒருத்தரு தேதி பாக்கச் சொல்லிக் குடுத்தா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்த ஒருத்தரு என்ற சம்பந்தி. நாச்சிமுத்துன்னு பேரு. கோபிக்காரரு. என்ற ஒரே பொண்ணு சிந்துஜாவை அவரு பையனுக்குத்தான் குடுத்திருக்கறேன். முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு, இப்ப சொந்தமா ரெண்டு லாரி வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன், கொறை சொல்ல முடியாது. பேச்சுதான் கம்மி. எனக்கு அதுதானுங்க ஆகாது. நெறையப் பேசறவிய என்ன பேசுனாலும் காத்துல போயிரும். பேசாத மனுசன் ஒரு வார்த்தை பேசுனா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது.

புள்ள சிந்துஜா அப்ப அஞ்சு மாசக் கர்ப்பம். கோபி டாக்டரம்மா ஸ்கேன் பாத்துட்டு, நஞ்சுக்கொடி கொஞ்சம் எறங்கியிருக்குது, ஒடம்பு குலுங்கற மாதிரி எங்கயும் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உடனே மாப்பிள்ளை, பிரசவத்தைக் கோபிலயே பாத்துக்கலாம், ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குதுன்னு ஆரம்பிச்சுட்டாரு. எங்கூட்டுக்காரி தெய்வானை ரெண்டு நாளாச் சோறு திங்கல. மொதப் பிரசவம் பொறந்த வூட்டுலதானுங்களே? ஏழாம் மாசம் கட்டுச்சோறு கொண்டுபோயி விருந்து வெச்சு, புள்ளையக் கையோட கூட்டீட்டு வாரதுதான நம்ம பக்கத்து மொறை. சோத்தை மட்டும் கொண்டுபோயி எறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட வாரதுன்னா, ஊர்ல ஒருத்தர் மூஞ்சில முழிக்க முடியுங்களா? அப்பறம் என்ன நடந்துதோ தெரியல, மறுபடி டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்து, கட்டுச்சோறு முடிஞ்சதும் பையக் கூட்டீட்டுப் போகலாம்னு தகவல் வந்துது. நம்ம பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்தச் சமயத்துலதான் சம்பந்தி பழனிக்குப் போற வழில எங்கூட்டுக்கு வந்தாரு. காப்பி குடிச்சாரு. எந்திரிச்சுப் போயி என்ற வண்டிய ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. முன் சக்கரத்துகிட்டக் குந்த வெச்சு உக்காந்து, சாவில டயரோட பக்கத்தைக் கீறிப் பாத்தாரு. பாத்துட்டு, "டயருக்கு ஒம்பது வருசம் ஆச்சுதுங்க சம்பந்தி, வெடிப்பு உட்டிருக்குது, கட்டுச்சோத்துக்குள்ள மாத்தீருங்க"ன்னாரு.

ரோட்டுல படற பட்டன் தேயவே இல்லீங்களேன்னு நான் சொன்னேன். ஓடாத வண்டில பட்டன் எப்படீங்க தேயும், ரப்பருக்கு வயசாயிப்போச்சுன்னாரு. அத்தோட உடலீங்க. என்னையும் பக்கத்துல குந்த வெச்சு, டயர் மேல இருக்கற நாலு நம்பரைக் காட்டி, மொத ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருசம்னு பாடம் எடுத்தாரு. என்ற வாசல்ல, என்ற வண்டிகிட்ட, எனக்கே தேதி பாக்கச் சொல்லிக் குடுத்தாருங்க. தெய்வானை கதவுகிட்ட நின்னு சிரிச்சுட்டு இருந்தாங்க.

அவரு போன பொறகு யோசிச்சுப் பாத்தேன். இந்த மனுசன் என்ன சொல்ல வாராரு? உன்ற வண்டி பழசு, உன்ற டயர் பழசு, எங்க வூட்டுப் புள்ளைய ஏத்தறதுக்கு உனக்குத் தகுதி இல்லேன்னுதான? வெறும் டயர மட்டும் மாத்துனா, அவரு சொன்னாரு நான் செஞ்சேன்னு ஆயிரும். அவரு சொன்னதுக்கு மேல ஒரு படி செஞ்சாத்தான் மரியாதை. மறுநாளே இங்க வந்துட்டேன்.

சாதிக் பாய் மொதல்ல கேட்டது என்ன தெரியுங்களா? வண்டில ஆரு ஆரு போவீங்கன்னுதான். நான் என்ன சொன்னேன்? சம்பந்தி வூட்டுக்குப் போகோணும், மரியாதையா இருக்கோணும்னேன். அவரு கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. ஆனா பாருங்க, அவரும் திருப்பிக் கேட்டிருக்கோணுமில்ல? கேக்கல. பாதித் தப்பு அவரு மேலதான்.

வெவரமெல்லாம் நல்லாத்தான் சொன்னாரு. உங்க வண்டிக்குப் பதினாலு இஞ்சு, அதே அளவு போடுங்க அண்ணா. வீலைப் பெருசாக்குனா டயரோட செவுரு குள்ளமாயிரும், அந்தச் செவுருதான் குழில எறங்கறதை வாங்கிக்கறது, அது குள்ளமானா அத்தனையும் உங்க முதுகுக்கு வந்துரும். ஆளையும் சாமானையும் நெறைய ஏத்துனீங்கன்னா பின்னால மட்கார்டுல உரசுனாலும் உரசும். இப்படி அத்தனையும் சொன்னாரு. நானும் காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். கண்ணு மட்டும் மேல் வரிசைல இருந்துது. சம்பந்தி வண்டில கம்பெனிலயே போட்டு வந்த சாதா வீலு. மேல ஒரு மூடி, அவ்வளவுதான். நான் அந்தக் கருப்பைக் காட்டிப் பதினாறு இஞ்சு போடுங்கன்னுட்டேன்.

போட்டு முடிச்சு வெளிய எறக்குனப்ப, பொய் சொல்லக் கூடாது, நம்ம வண்டிதானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நான் ஒருத்தன் மட்டும் ஏறிப் புது பைபாஸ்ல ஒரு நடை போயிட்டு வந்தேன். ரோடு கண்ணாடியாட்டம் இருந்துது, வண்டியும் வழுக்கிட்டுப் போச்சு. பாத்துக்குங்க பாய், உங்க செவுரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு போன் பண்ணிச் சொன்னேன். வூட்டுக்கு வந்து தெய்வானையக் கூப்புட்டுக் காட்டுனேன். ஒரு நிமிசம் பாத்துட்டு, கெழவனுக்குக் கூலிங் கிளாஸ் போட்டாப்ல இருக்குதுன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அவியளுக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்.

கட்டுச்சோத்து நாளும் வந்துது. ஏழு வகைச் சோறு. எலுமிச்சை, புளி, தேங்கா, எள்ளு, தக்காளி, சக்கரைப் பொங்கல், தயிர். பெரிய பெரிய தூக்குப் போசில. ஒறவுக்காரங்க அல்லாரும் வேன்ல. போசி அத்தனையும் நம்ம வண்டி டிக்கில. சோத்தை வேன்ல வெச்சிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? வேன்ல வெச்சா ஆரு பாப்பாங்க? டிக்கியத் தொறந்து ஒவ்வொரு போசியா எறக்கறப்ப, பாக்கறவிய கண்ணு தானா வீலுக்கும் வருமில்ல. நான் அதையெல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருந்தேன்.

பல்லடம் தாண்டலீங்க, பின்னால கர்ருன்னு ஒரு சத்தம். போசி உருளுதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கர்ரு. ஒவ்வொரு குழிக்கும் தலை போயி மேல இடிக்குது. பின் சீட்ல ஒக்காந்திருந்த என்ற கொழுந்தியா மரகதம் தயிர்ச்சோத்துப் போசிய மட்டும் மடில வெச்சிருந்துது. குன்னத்தூருக்கு இங்கிட்டு ஒரு எடத்துல மூடி பறந்து, பாதித் தயிர்ச்சோறு அது பட்டுச்சேலைல. மச்சான், இந்த வீலு ரொம்ப மரியாதையா இருக்குதுங்க மச்சான்னுச்சு. அது பேச்சு எப்பவுமே அப்படித்தான்.

சம்பந்தி வூட்டுல போயி நின்னா, ஒருத்தராவது வீலைப் பாத்தாங்களான்னு கேளுங்க. இல்லீங்க. அல்லாரும் போசியத்தான் பாத்தாங்க, தயிர்ச்சோறு ஏன் பாதி இருக்குதுன்னு கேட்டாங்க. நான் வண்டிகிட்டயே அரை மணி நேரம் நின்னேன். சாப்புடக் கூப்புட்டாங்க, வாரேன் வாரேன்னு சொல்லிட்டு அங்கயே நின்னேன். கடைசில வந்தது சம்பந்திதான். வந்தாரு, பின் சக்கரத்துகிட்டக் குந்துனாரு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல வெரல உட்டுப் பாத்தாரு. ரெண்டு வெரல் போகல. ஒண்ணுதான் போச்சு. எந்திரிச்சு வேட்டியத் தட்டிட்டு உள்ள போயிட்டாரு. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வல்லீங்க. வயித்தெரிச்சல்னு நெனச்சேன்.

சாப்பாடு முடிஞ்சு, நல்ல நேரம் பாத்து, புள்ள மாமனார் மாமியார் கால்ல உழுந்து கும்புட்டுட்டு வண்டில ஏறுச்சு. பின்னால அம்மாகாரி ஒரு பக்கம், மரகதம் ஒரு பக்கம், நடுவுல தலகாணிய வெச்சுட்டுப் புள்ள. டிக்கில அவிய குடுத்த தேங்காயும் பலகாரமும். வேன் முன்னால போயிருச்சு. பையப் போங்க சம்பந்தின்னாரு அவரு. அது எனக்குத் தெரியும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

தெருமுனைல பள்ளிக்கொடத்துகிட்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர். நடந்து போற மாதிரித்தான் ஏத்துனேன். எறங்கறப்ப டொம்முன்னுச்சு. புள்ள அம்மான்னுச்சு. அடுத்தது இன்னும் மெதுவாப் போனேன். மறுபடியும் அம்மான்னுச்சு. அப்பறம் இருவதுக்கு மேல தாண்டலீங்க. ஸ்கூட்டரெல்லாம் என்னைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. வீலைப் பாக்கறாங்களாட்டம் இருக்குதுன்னு ஒரு நெனப்பு அப்பவும் வந்துதுங்க, மறைச்சுப் பேசி என்ன ஆகப் போகுது.

நம்பியூர் தாண்டி ஒரு எடத்துல ரோட்டைக் கொத்திப் போட்டிருந்தாங்க. ஜல்லி. வண்டி நடுங்குது, பின்னால கர்ரு கர்ருங்குது. கண்ணாடில பாத்தா புள்ள ஒரு கைல வயித்தையும் ஒரு கைல மேல கைப்பிடியையும் புடிச்சுட்டு, ஒதட்டைக் கடிச்சுட்டு இருக்குது. அப்பறம், அப்பா நிறுத்துங்கன்னுச்சு.

நிறுத்துனேன். எறங்கி ரோட்டோரத்துல இடுப்புல கைய வெச்சுட்டு நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை. நான் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு ஓடுனேன். கொஞ்சம் குடிச்சுட்டு, கோவமே இல்லாம, ரொம்ப மெதுவாச் சொல்லுச்சுங்க.

"அப்பா, நீங்க வண்டியக் கொண்டு வாங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

தெய்வானை, ஏழு மாசத்துப் புள்ளைய பஸ்ஸுல ஏத்தறதான்னு அழுகறாங்க. அப்பத் திரும்பிக் கோபிக்கே போயிடறேங்குது புள்ள. இங்கிருந்து உடுமலை தொண்ணூறு கிலோமீட்டர், கோபி பக்கம். நீங்களே சொல்லுங்க, எது நாயம்? கோபிதான் நாயம். அது எனக்கும் தெரியுது. ஆனா திரும்பிப் போனா அப்பறம் புள்ள வராது. நான் வண்டியச் சுத்திச் சுத்தி வந்தேன். அந்தக் கருப்பு வீலு வெயில்ல பளபளன்னு மின்னுது. அதுங்கள ஒரு ஒதை ஒதைக்கோணும்னு தோணுச்சு. காலு வலிக்கும்னு உட்டுட்டேன்.

அப்பப் பாத்தா, கொஞ்சம் தள்ளி ஒரு வண்டி வந்து நிக்குது. சம்பந்தி வண்டி. அவரு மட்டும்தான் இருந்தாரு. எறங்கி வந்தாரு. குன்னத்தூர்ல ஒரு சோலிங்க, அதான் இப்படி வந்தேன்னாரு. கட்டுச்சோத்து விருந்தன்னிக்கு, வூடு நெறைய ஒறம்பரைய வெச்சுட்டு, இவருக்குக் குன்னத்தூர்ல என்ன சோலின்னு நான் கேக்கலீங்க.

அவரு வண்டியப் பத்தி ஒண்ணுமே பேசல. புள்ளையப் பாத்து, என்ன கண்ணு, வலி இருக்குதான்னு கேட்டாரு. வலி இல்லீங்க மாமா, குலுக்கறதுதான் தாங்கலைன்னுச்சு. தலைய ஆட்டிட்டு எங்கிட்ட வந்து, அவரு வண்டிச் சாவிய என்ற கைல வெச்சாரு.

எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. நீங்களே புள்ளைய ஓட்டிட்டுப் போயி உடுங்க, நான் பின்னால வாரேன்னேன். அதுக்கு அவரு, "பொறந்த வூட்டுக்குப் புள்ளையக் கூட்டீட்டுப் போறது அப்பன்தானுங்க சம்பந்தி. நான் ஓட்டிட்டு வந்தா மொறையா இருக்காது. உங்க வண்டிய நான் கொண்டாறேன்"னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. தூசி கீசின்னு சொல்ல மாட்டேன், அழுகைதான். நடுரோட்டுல, கொழுந்தியா முன்னால.

புள்ளையும் அம்மாகாரியும் எங்கூட வந்தாங்க. மரகதம் போசியெல்லாம் வெச்சுட்டு அவரோட வந்துது. அந்த வண்டி எப்படிப் போச்சுங்கறீங்க? அதே ஜல்லிதான், அதே குழிதான். ஒரு அலுங்கல் இல்ல. புதுசா நாலு சாதா டயரு போட்டிருந்தாரு. புது டயர்ல நீட்டிட்டு இருக்கற ரப்பர் முள்ளு கூடத் தேயல. கொஞ்ச தூரம் போன பொறகு புள்ள சொல்லுச்சு, டாக்டரம்மா மொதல்ல அனுப்பவே மாட்டேன்னாங்களாம். மாமாதான் கூடவே போயி உக்காந்து, மொதப் பிரசவத்துக்குப் புள்ள அம்மா வூட்டுல இருந்தாத்தான் மனசு தெம்பா இருக்கும், அவியப்பா வண்டிக்கு டயரு புதுசாப் போடச் சொல்றேன், மெத்துன்னு போகும், அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லி உத்தரவு வாங்குனாராம். மாப்பிள்ளை கூட, எதுக்குப்பா உங்களுக்கு இந்த வம்புன்னு சத்தம் போட்டாராம்.

பாத்தீங்களா? இதை எங்கிட்ட அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? டயர்ல தேதி பாக்கறது எப்படின்னு சொல்ல வாய் இருக்குது, இதைச் சொல்ல வாய் இல்ல. அதனாலதான் சொன்னேன், பேச்சுக் கம்மியா இருக்கறதே ஒரு கொறைதானுங்க.

அதைச் சொல்லிட்டுப் புள்ள அம்மா மடில தலைய வெச்சுப் படுத்துச்சு. அவிநாசி வாரதுக்குள்ள தூங்கிருச்சு. உடுமலை வர்ற வரைக்கும் தூக்கம். வாசல்ல நிறுத்துன பொறகும் எழுப்ப மனசு வராம, நான் கொஞ்ச நேரம் சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

சம்பந்தி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்து சேந்தாரு. எறங்கறப்பவே இடுப்பப் புடிச்சுட்டு எறங்குனாரு. தண்ணி குடிச்சாரு. போறப்ப என்ற வண்டியத் திரும்பிப் பாத்துட்டு, "வீலு பாக்க லட்சணமாத்தான் இருக்குதுங்க சம்பந்தி"ன்னாரு. மனசு குளுந்து போச்சுங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே அதைக் கழட்டாம இத்தனை நாளும் வெச்சிருந்தேன். புள்ளைக்கு வலி எடுத்தன்னிக்கு தெய்வானை எங்கிட்டச் சொல்லாமயே பக்கத்து வூட்டு வண்டியக் கூப்புட்டுட்டாங்க. அது அவசரத்துல செஞ்சது, வேற ஒண்ணும் இல்ல.

பேத்தி பொறந்துருக்குறாங்க. நல்லா இருக்கறாங்க, தாயும் புள்ளையும். தொண்ணூறு நாள் முடிஞ்சுது. வார வியாழக்கெழமை கோபிக்குக் கொண்டுபோயி உடோணும். நேத்து ராத்திரி சாப்புடறப்ப புள்ள, அப்பா, மாமாவ வண்டி அனுப்பச் சொல்லட்டுங்களான்னு கேட்டுச்சு. பாவம், பயந்துட்டேதான் கேட்டுச்சு. விடிஞ்சதும் நேரா இங்க வந்துட்டேன்.

பாய் இன்னிக்கும் அதே கேள்விதான் கேட்டாரு, வண்டில ஆரு போவீங்கன்னு. மூணு மாசக் கொழந்தைன்னேன். அவரு உள்ள போயி, பதினாலு இஞ்சு சாதா வீலையும் நல்ல உசரமான டயரையும் உருட்டிட்டு வந்தாரு. டயர்ல தேதிய நானே குந்தி உக்காந்து பாத்துட்டேன். போன மாசத்துது.

என்ற பதினாறு இஞ்சு நாலும் அதோ அந்த மூலைல சாச்சி வெச்சிருக்குது. எட்டு மாசங்கூட ஓடல, ஒரு கீறல் இல்ல. நீங்க மேல் வரிசையத்தான் பாத்துட்டு இருக்கறீங்க, அதனால சொல்றேன். வேணும்னா பாய்கிட்டக் கேட்டுப் பாருங்க. உங்க வூட்டுல ஆரும் மாசமா இல்லீங்களே?

அப்பறம் காலைல சம்பந்திக்கே போன் போட்டு, உங்க டயருக்கு எத்தனை பவுண்டு காத்து வெக்கறீங்கன்னு கேட்டேன். முப்பத்திரண்டுன்னாரு. எதுக்குன்னு கூடக் கேக்கல, மனுசன். நான் பாய்கிட்ட முப்பத்தொண்ணு வெக்கச் சொல்லியிருக்கறேன். ஒரு பவுண்டு கொறஞ்சா ஒண்ணும் ஆகாது, இன்னும் கொஞ்சம் மெத்துன்னுதான் போகும்னாரு பாய். போட்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவரு வண்டில வாரப்ப என்ற புள்ள அவிநாசிலயே தூங்கிருச்சு. நம்ம வண்டில போறப்பப் பல்லடத்துலயாவது தூங்கோணுமில்லீங்க.